மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதி: பிரதிநிதித்துவமும் தேர்தலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டதும், 281 வாக்குகளில் வெற்றி தோல்வி முடிவானதும் மொடக்குறிச்சியில் நடந்தவை. இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் சுற்றி எழும் கேள்விகளே சட்டமன்றத் தேர்தல் பற்றிப் பொதுவாகவும் கேட்கப்படுகின்றன என்பதால், இந்தத் தொகுதியை முன்வைத்தே விடைகள் எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: மொடக்குறிச்சித் தொகுதி எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் இது 100-வது எண்ணுடையது. ஈரோடு மாவட்டத்தில், ஈரோடு நகருக்குத் தெற்கே காவிரிக்கரையை ஒட்டி விரிந்து கிடக்கும் ஊர்ப்புறத் தொகுதி. மொடக்குறிச்சி, அவல்பூந்துறை, சிவகிரி, கொடுமுடி ஆகியவை இதன் முக்கிய ஊர்கள். காளிங்கராயன் வாய்க்காலும் கீழ்பவானி வாய்க்காலும் பாயும் பகுதி என்பதால் மஞ்சள், நெல், கரும்பு, தென்னை என்று விவசாயமே இங்கு முதன்மையானது. இங்கே வாக்குக் கேட்டு வருகிற எந்தக் கட்சிக்காரரும் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் திரும்பியதாக எனக்கு நினைவில்லை.

நாடாளுமன்றத் தேர்தலில் இது ஈரோடு மக்களவைத் தொகுதியின் ஆறு பகுதிகளுள் ஒன்று. குமாரபாளையம், ஈரோடு கிழக்கு, ஈரோடு மேற்கு, தாராபுரம், காங்கேயம் ஆகியவை மற்ற ஐந்து.

கேள்வி: தொகுதியின் எல்லையை யார் வரைகிறார்கள்? அது அடிக்கடி மாறுமா?

தொகுதி மறுவரையறை ஆணையம் வரைகிறது. இப்போதுள்ள எல்லைகள் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் 2008-இல் அறிவிக்கப்பட்டவை. அந்த வரையறையில்தான் ஈரோடு தொகுதி கிழக்கு, மேற்கு என்று இரண்டானது. பக்கத்திலிருந்த வெள்ளகோவில் தொகுதி பட்டியலிலிருந்தே மறைந்தது. தனித் தொகுதிகளின் கணக்கும் அப்போது மாறி, பட்டியல் சாதியினருக்கு 44, பழங்குடியினருக்கு 2 என்றானது. மொடக்குறிச்சி பொதுத் தொகுதி.

எல்லைகள் மாறினாலும் மொத்த எண்ணிக்கை மாறவில்லை. 1967 தேர்தலிலிருந்து தமிழ்நாட்டுப் பேரவையின் தொகுதிகள் 234-தான். 1976-இல் செய்யப்பட்ட 42-வது அரசியல் சட்டத் திருத்தம் இந்த எண்ணிக்கைகளை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தி வைத்தது; பின்னர் வந்த 84-வது திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காக நடைமுறைப்படுத்திய மாநிலங்கள் அதனாலேயே இடங்களை இழக்கக் கூடாது என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இந்த நிறுத்தத்தின் அடையாளம் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் தெரியும். தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு அதில் 176. 1971-இல் மாநிலத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 4 கோடியே 12 லட்சம்; அதை 234-ஆல் வகுத்து, வருவதை மறுபடியும் 1,000-ஆல் வகுத்தால் 176 கிடைக்கும். மொடக்குறிச்சி உறுப்பினர் இன்றைக்குப் போய் வாக்களித்தாலும், அவர் அங்கே கணக்கில் கொண்டு போவது அரை நூற்றாண்டுக்கு முந்தைய மக்கள்தொகையைத்தான்.

கேள்வி: 1996-இல் 1,033 பேர் போட்டியிட்டது உண்மையா? ஏன் அப்படி நடந்தது?

உண்மை. இந்தியச் சட்டமன்றத் தேர்தல் வரலாற்றில் ஒரு தொகுதியில் இத்தனை பேர் வேறெங்கும் நின்றதில்லை. தங்கள் கோரிக்கைகளுக்கு எந்த அரசும் செவிசாய்க்கவில்லை என்று கருதிய விவசாயிகள், அதைக் காட்டுவதற்காகக் கூட்டம் கூட்டமாக வேட்புமனு தாக்கல் செய்தார்கள். அப்போது பொதுப்பிரிவு வேட்பாளர் கட்ட வேண்டிய வைப்புத்தொகை 250 ரூபாய்தான். தேர்தலைப் புறக்கணித்திருந்தால் வாக்குச்சாவடி வெறிச்சோடிக் கிடந்ததோடு செய்தி முடிந்திருக்கும். எல்லோருமே வேட்பாளராகிவிட்டால் தேர்தல் இயந்திரமே திணறும் என்பதை அவர்கள் சரியாகக் கணித்திருந்தார்கள்.

அப்படியே ஆயிற்று. மின்னணு இயந்திரம் வராத, வாக்குச்சீட்டில் முத்திரை குத்திய காலம் அது. ஒரு தாளில் பத்துப் பதினைந்து பெயர்களும் சின்னங்களும் அச்சிடுவது வழக்கமாயிருக்க, இங்கே வாக்குச்சீட்டையே புத்தகமாகக் கட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. வாக்காளர் தமக்கு வேண்டிய பெயரைப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தேட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சின்னம் ஒன்றே துணை; அந்தச் சின்னம் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்பதை அவர் எப்படி மனத்தில் வைத்துக்கொள்வார் என்பதை நினைத்துப் பார்த்தால் சிக்கலின் அளவு புரியும். மாநிலத்தின் பிற தொகுதிகளில் தேர்தல் முடிந்து ஏறத்தாழ ஒரு மாதம் கழித்தே இங்கு வாக்குப்பதிவு நடத்த முடிந்தது.

வெற்றி பெற்றவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். இதே தொகுதியில் 1977-இல் அ.தி.மு.க. சார்பில் வென்று சட்டமன்றத்துக்கு முதன்முதலாகச் சென்றவர் அவர். போட்டியிட்டவர்களில் 88 பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. தம் வாக்கைக்கூடத் தமக்குப் போட்டுக்கொள்ளவில்லையா என்று இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சிரிப்பதற்கு எதுவும் தெரியவில்லை. மனுத்தாக்கல் செய்ததோடு அவர்கள் சொல்ல வந்தது முடிந்துவிட்டது. வாக்கை அவர்கள் வேறு கணக்கில் போட்டிருக்கலாம்.

கேள்வி: இன்றைக்கும் அப்படி ஆயிரம் பேர் நிற்க முடியுமா?

சட்டம் தடுக்கவில்லை, செலவும் நடைமுறையும் தடுக்கின்றன. அதே 1996-இல் ஆந்திரத்தின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேரும், கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேரும் நின்றார்கள். அந்த ஆண்டே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டு, சட்டமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 2010 முதல் அது 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு இதில் பாதி. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு அந்தத் தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தால் போதும்; சுயேச்சைக்கும் பிற கட்சியினருக்கும் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்ற விதியும் அப்போது வந்ததுதான்.

தேர்தலை நடத்தும் அலுவலர்களின் பக்கமிருந்து பார்த்தால் இந்தத் திருத்தங்களில் தவறு காண முடியாது. ஆனால் கட்சி சாராத ஒரு கூலி விவசாயிக்குப் பத்தாயிரம் ரூபாய் என்பது பெருந்தொகை. பெரிய கட்சிக்கு அது ஒரு நாள் சுவரொட்டிச் செலவுக்கும் காணாது. கதவை எல்லோருக்கும் ஒரே அளவில் குறுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லலாமே தவிர, எல்லோரையும் அது ஒரே அளவில் நெருக்குகிறது என்று சொல்ல முடியாது.

இயந்திரத்துக்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு வாக்குப்பதிவுக் கருவியில், எந்த வேட்பாளரும் வேண்டாம் என்பதற்கான நோட்டாவையும் சேர்த்து 16 பொத்தான்கள். பழைய வகையில் நான்கு கருவிகளை மட்டுமே ஒன்றோடொன்று இணைக்கலாம். இப்போதுள்ள எம்-3 வகையில் 24 வரை இணைக்கலாம், அதாவது நோட்டா உட்பட 384 பெயர்கள். பக்கத்துத் தொகுதியான ஈரோடு கிழக்கில் 2023 பிப்ரவரி இடைத்தேர்தலில் 77 பேர் நின்றதால் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஐந்து கருவிகளை வரிசையாக மேசைமேல் வைத்தார்கள்.

கேள்வி: டெபாசிட் எப்போது பறிபோகும்?

பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாத வேட்பாளர் வைப்புத்தொகையை இழப்பார். சரியாக ஆறில் ஒரு பங்கு மட்டும் பெற்றாலும் இழப்புதான். அதைவிட ஒரு வாக்காவது கூடுதலாக வேண்டும். நோட்டாவுக்கு விழுந்தவை இந்தக் கணக்கில் சேரா.

கேள்வி: நோட்டாவுக்கே அதிக வாக்கு விழுந்தால் மறுதேர்தலா?

சட்டமன்றத் தேர்தலில் அப்படி விதி இல்லை. வேட்பாளர்களில் முதலில் வருபவரே வெற்றி பெற்றவர்.

கேள்வி: 2021-இல் 281 வாக்கு வித்தியாசம் என்பது எப்படி வந்தது?

அந்தத் தேர்தலில் பா.ஜ.க.வின் மருத்துவர் சி. சரஸ்வதி 78,125 வாக்குகளும், தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் 77,844 வாக்குகளும் பெற்றார்கள். அ.தி.மு.க. கூட்டணியில் பா.ஜ.க. அந்த முறை வென்ற நான்கு இடங்களில் மொடக்குறிச்சியும் ஒன்று. மற்றவை கோயம்புத்தூர் தெற்கு, நாகர்கோவில், திருநெல்வேலி. ஆயிரத்துச் சொச்சம் எதிராளிகளுக்கு நடுவே வென்ற அதே தொகுதியில், அதே வேட்பாளர், கால் நூற்றாண்டு கழித்து ஒரு தெருவின் வாக்குகளில் தோற்றார்.

நம்முடைய தேர்தல் முறையில் வெல்வதற்குப் பாதிக்கு மேல் வாக்கு தேவையில்லை. அடுத்தவரைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் போதும். மொடக்குறிச்சியில் முதல் இருவரையும் தவிர்த்த மற்ற வேட்பாளர்கள் எல்லோருமாகச் சேர்ந்து 281-க்கு மேல் பெற்றாலே, வென்றவர் பாதியைத் தொடவில்லை என்றாகிவிடும். அவர்கள் அதைவிடப் பல மடங்கு பெற்றிருந்தார்கள். வேட்பாளர்கள் இருவர் சரிசமமான வாக்குப் பெற்றால் தேர்தல் நடத்தும் அலுவலர் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார். நாட்டின் சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

கேள்வி: வித்தியாசம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது எண்ணிக்கை சரிதான் என்பதை எப்படி உறுதி செய்வது?

இதற்கு விடை வாக்கு எண்ணும் நாளில் தொடங்குவதில்லை. வாக்குப்பதிவு நாளின் விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகிறது. பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக, கட்சி முகவர்களின் கண்ணெதிரே குறைந்தது 50 மாதிரி வாக்குகள் போட்டுப் பார்ப்பார்கள். பொத்தானை அழுத்தியதும், வாக்கு யாருக்கு விழுந்தது என்பதை அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவியின் சின்னக் கண்ணாடிக்குள் சீட்டு ஏழு வினாடி நின்று, அறுபட்டு உள்ளே விழும். எண்ணிச் சரிபார்த்தபின் அந்த வாக்குகளை இயந்திரத்திலிருந்து அழித்துவிட வேண்டும். அவசரத்தில் இதைச் செய்ய மறக்கும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்கள் உண்டு. அப்படிப்பட்ட இயந்திரத்தை எண்ணும் நாளில் தனியே ஒதுக்கிவைத்து, வெற்றி வித்தியாசம் அதிலுள்ள வாக்குகளைவிடக் குறைவாகவோ சமமாகவோ இருந்தால் மட்டுமே அந்தச் சாவடியின் விவிபாட் சீட்டுகளை எண்ணுவார்கள். 281 போன்ற வித்தியாசத்தில் ஒரே ஒரு சாவடியின் மறதிகூட முடிவை மணிக்கணக்கில் தாமதமாக்கிவிடும்.

பதிவு முடிந்ததும் தலைமை அலுவலர் படிவம் 17சி-யை நிரப்பி, மொத்தம் எத்தனை வாக்குகள் பதிவாயின என்பதை எழுதி, ஒவ்வொரு முகவருக்கும் சான்றிட்ட நகல் தர வேண்டும். பூத் ஏஜென்ட் என்றால் காலையில் இட்லிப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்து, வாக்காளர் பட்டியலில் கோடு போட்டுக்கொண்டிருப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஒரு தாளை மடித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வெளியே வருவதுதான் அவருடைய அன்றைய வேலைகளில் முக்கியமானது. எண்ணும் நாளில், வாக்குகளைச் சேமித்து வைத்திருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி காட்டும் மொத்தமும் அந்தத் தாளில் உள்ள மொத்தமும் ஒத்துப்போக வேண்டும்.

எண்ணும் நாளில் காலை எட்டு மணிக்குத் தபால் வாக்குகளை முதலில் எடுப்பார்கள். செல்லாதவை என்று ஒதுக்கப்பட்ட தபால் வாக்குகளின் எண்ணிக்கை வெற்றி வித்தியாசத்தைவிட அதிகமாக இருந்தால், அவை எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தே முடிவு அறிவிக்கப்பட வேண்டும். கடைசியாக, குலுக்கலில் தேர்ந்தெடுத்த ஐந்து வாக்குச்சாவடிகளின் விவிபாட் சீட்டுகளை எண்ணி இயந்திரக் கணக்கோடு ஒப்பிடுவார்கள். ஒரு தொகுதிக்கு ஐந்து சாவடி என்பது 2019-இல் உச்ச நீதிமன்றம் விதித்தது.

கேள்வி: முடிவை ஏற்காதவர் என்ன செய்யலாம்?

முடிவு அறிவிக்கப்படும் முன்பே மறு எண்ணிக்கை கேட்டு எழுத்து மூலம் மனுக் கொடுக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் தேர்தல் நடத்தும் அலுவலரின் முடிவு, மறுத்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். முடிவு வந்த ஏழு நாளுக்குள், இரண்டாம் மூன்றாம் இடம் பெற்றவர்கள் கட்டணம் செலுத்தி, தொகுதியின் இயந்திரங்களில் ஐந்து சதவீதத்தைச் சோதிக்கக் கோரலாம் என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கும் மேலே உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு; தேர்தல் முடிந்த 45 நாளுக்குள் தொடுக்க வேண்டும். 2016-இல் 49 வாக்குகளில் முடிவான ராதாபுரம் தொகுதி வழக்கில் மறு எண்ணிக்கைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2019-இல். அதற்குள் சட்டமன்றத்தின் ஆயுளில் பாதிக்கு மேல் கழிந்திருந்தது. தேர்தல் வழக்குகளின் குறைபாடு இதுதான். தீர்ப்பு சரியாகவே வந்தாலும் பதவிக்காலம் அதற்காகக் காத்திருப்பதில்லை.

கேள்வி: என் பெயர் பட்டியலில் இல்லை. வாக்காளர் அடையாள அட்டை இருக்கிறது. வாக்களிக்கலாமா?

முடியாது. அட்டை நீங்கள் யார் என்பதற்கான சான்று மட்டுமே. வாக்குரிமை பட்டியலில் உள்ள பெயரால் வருகிறது. ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குச்சாவடி வாசலில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாடு தெரியாததால் வருபவை.

புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. நீக்க அல்லது பெயர் இடம்பெற்றதை ஆட்சேபிக்கப் படிவம் 7. முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. முன்பு ஜனவரி 1 அன்று 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே கணக்கு. இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் தகுதி நாட்கள். தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் முன்பிருந்ததைவிடச் சுமார் 97 லட்சம் பெயர்கள் குறைந்திருந்தன. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இருமுறை பதிவானவர்கள் என்று காரணம் கூறப்பட்டாலும், தம் பெயர் அவற்றோடு சேர்ந்து போய்விட்டதா என்பதை ஒவ்வொருவரும் தாமே பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. 281 வாக்கில் முடிவாகும் தொகுதியில் பட்டியலைப் பார்ப்பதும் தேர்தல் வேலைதான்.

கேள்வி: என் வாக்கை வேறொருவர் போட்டுவிட்டார் என்றால்?

நீங்கள்தான் உரியவர் என்பதைத் தலைமை அலுவலரிடம் மெய்ப்பித்தால், விதி 49பி-யின்படி (49P) உங்களுக்கு அச்சிட்ட வாக்குச்சீட்டு தரப்படும். அதை இயந்திரத்தில் போடாமல் உறையில் தனியே வைப்பார்கள். எண்ணும் நாளில் அது பிரிக்கப்படாது. நீதிமன்றம் கேட்டால்தான் வெளியே வரும். ஆள்மாறாட்டம் என்று ஒரு முகவருக்குச் சந்தேகம் வந்தால் அவர் இரண்டு ரூபாய் கட்டி அந்த வாக்காளரை ஆட்சேபிக்கலாம். இத்தனை ஆண்டுகளில் வைப்புத்தொகையை நாற்பது மடங்கு ஏற்றியவர்கள் இந்த இரண்டு ரூபாயைத் தொடாமல் விட்டிருப்பது ஆறுதல்.

கேள்வி: வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் எம்.எல்.ஏ.வைக் கேட்கலாமா?

கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். ஆனால் மதகைத் திறக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. கீழ்பவானிப் பாசனத்தில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரிக்கப்பட்டு முறை வைத்துத் தண்ணீர் பெறுகிறது. அணையிலிருந்து எந்த நாளில் எத்தனை நாளைக்குத் திறப்பது என்பது அரசாணையால் முடிவாகி, நீர்வளத் துறையால் நடத்தப்படுகிறது. கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் தளம் போடுவதை எதிர்த்தும் ஆதரித்தும் இந்தப் பகுதி விவசாயிகள் இரு பிரிவாக நின்றபோது, தொகுதி உறுப்பினர்களின் பேச்சுக்கு எடை இருந்ததே தவிர, கையெழுத்து அவர்களுடையதாக இல்லை.

உறுப்பினரின் உண்மையான கருவிகள் பேரவைக்குள் இருக்கின்றன. கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கை (ஒரு துறை பேரவையிடம் கேட்கும் நிதி) மீதான விவாதம், அந்த நிதியைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம், குழுக்கள் ஆகியவையே அவை. அமைச்சர் அவையில் தந்த விடையும் வாக்குறுதியும் பதிவாகிவிடுகின்றன. அரசு உறுதிமொழிக் குழு பிறகு அவற்றைத் துரத்திப் பிடிக்கலாம். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்; நியாயவிலைக் கடை, பேருந்து நிழற்குடை, வகுப்பறை, குடிநீர்த் தொட்டி போன்றவற்றுக்கு அது போதும். வாய்க்காலுக்குப் போதாது. நிழற்குடையின் முகப்பில் பெரிய எழுத்தில் பெயர் போட்டுக்கொள்ள முடிவதால் எல்லோருடைய கவனமும் அந்த 3 கோடியின் மேலேயே இருக்கிறது. நீர்வளத் துறையின் மானியக் கோரிக்கையன்று அவர் என்ன பேசினார் என்று யாரும் கேட்பதில்லை.

கேள்வி: உறுப்பினர் இறந்தாலோ விலகினாலோ தொகுதி எவ்வளவு காலம் காலியாக இருக்கும்?

ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். மீதமுள்ள பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் நடத்த வேண்டியதில்லை. ஈரோடு கிழக்கில் 2021-இல் வென்ற திருமகன் ஈவெரா 2023 ஜனவரியில் மறைந்தார். அவருடைய தந்தை ஈ.வெ.கி.ச. இளங்கோவன் இடைத்தேர்தலில் வென்று, அவரும் 2024 டிசம்பரில் மறைந்தார். 2025 பிப்ரவரியில் தி.மு.க.வின் வி.சி. சந்திரகுமார் வென்றார். ஒரே பேரவைக்காக அந்தத் தொகுதி மக்களின் விரலில் மூன்று முறை மை வைக்கப்பட்டது.

கேள்வி: நான் வாக்களித்தவர் தோற்றுவிட்டார். எனக்குப் பிரதிநிதி யார்?

வென்றவர்தான். மொடக்குறிச்சியில் 2021-இல் தோற்ற வேட்பாளருக்கு வாக்களித்த 77,844 பேருக்கும் சரஸ்வதியே உறுப்பினர். 1996-இல் மனுத்தாக்கல் செய்து ஒரு வாக்கும் பெறாத அந்த 88 பேருக்கும் சுப்புலட்சுமியே உறுப்பினர். கோரிக்கை மனுவோடு அலுவலகத்துக்குப் போகும்போது யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. கேட்டால் சொல்ல வேண்டியதுமில்லை. மனுவின் நகலில் தேதியிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பேரவைக் கூட்டத்தொடருக்கு முன் கொடுத்தால், அது கேள்வியாக மாறுவதற்குக் கால அவகாசமும் இருக்கும்.